நாக்கடியில் ஒரு காலி இடம்

எர்ஸுரூமில் தேநீருக்குள் சர்க்கரை போடமாட்டோம்.
கல்லாய் இறுகிய கட்டியில் ஒரு சில்லைக் கடித்து
நாக்கடியில் ஒதுக்கிக்கொள்வோம்.
அதன்மேல் ஓடித்தான் தேநீர் உள்ளே போகும்.
ஒரு சில்லில் இரண்டு கிளாஸ் முடிப்பவன் கெட்டிக்காரன்.
நான் ஒரு கிளாஸுக்கு மூன்று சில்லு.
மினிபஸ் டிரைவர்.
வண்டி திரும்பும் இடமெல்லாம் தேநீர்,
நாளுக்குப் பதினெட்டு.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
டாக்டர் நெஸ்ரின் என் கண்ணெதிரே
மருந்துச் சீட்டின் பின்பக்கம் போட்டதுபோல.

எட்டு புள்ளி நாலு என்றார்,
மூன்று மாதச் சராசரி.
எனக்குத் தெரிந்த எட்டரை
சகினே கதவைத் திறந்து
"இவ்வளவு நேரமா?" என்று கேட்கிற மணி.

மாத்திரை எழுதினார்.
மிச்ச வேலை உங்கள் தட்டுக்கும் காலுக்கும் என்றார்.
இருபத்தாறு வருஷமாய் இந்த ஊரை
நடக்கவிடாமல் ஏற்றிப்போகிறவன் நான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பிலாவையே ரொட்டியால் அள்ளித் தின்கிற ஜனம் நாங்கள்.
சகினே உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள்,
பக்கத்தில் பீன்ஸ், பசலைக்கீரை, தயிர்.
மீதியைத் துணியில் சுற்றி
மேல் தட்டில் வைத்தாள்.
அவளுக்கு எட்டாது, எனக்கு எட்டும்.
அதுதான் கஷ்டம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிஷம்
நிற்கிற வண்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
"என்ன ஃபெராமுஸ், உன் வண்டி எதுன்னு மறந்துபோச்சா?"
தினமும் யாராவது கேட்டார்கள்.
தினமும் எல்லாரும் சிரித்தார்கள்.

ஜனவரியில் எல்வானைப் பெண் கேட்டு வந்தார்கள்.
மாப்பிள்ளையின் அப்பா ஜெம்ஷித், ரொட்டிச் சூளைக்காரர்,
தாம்பாளம் நிறையக் கதாயிஃப் கொண்டுவந்தார்:
வால்நட் பொதிந்து, பொரித்து,
பாகில் ஊறி, தன் கனத்தில் தானே சரிந்துகிடந்தது.
இனிப்பைத் தின்போம், இனிக்கப் பேசுவோம்
என்பது எங்கள் பக்கத்து வழக்கு.
மறுத்தால் பெண்ணையே மறுத்த மாதிரி.

வழக்கப்படி எல்வான்
மாப்பிள்ளைக்கு மட்டும் உப்புப் போட்ட காப்பி கொடுத்தாள்.
அந்த அறையில்
அவன்மேல் பொறாமைப்பட்டவன் நான் ஒருவன்தான்
என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி தின்றேன். பாதியைக் கரண்டியின் கீழ் தள்ளினேன்.
எதிரே பார்க்கிறேன்,
ஜெம்ஷித்தின் தட்டிலும் கரண்டி கவிழ்ந்து
எதையோ மறைத்துக்கொண்டிருந்தது.
அவர் கிளாஸை எடுத்தபோது
மோதிர விரலின் ஓரத்தில் சின்னக் கரும்புள்ளிகள்,
பேனா முனை தொட்டுத் தொட்டு எடுத்ததுபோல.
என் விரலிலும் அதே ஓரம்.

"கொஞ்சம் காற்றாடிவிட்டு வருவோமா?" என்றார்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரட்டை மினார் வரை நடந்தோம்.
பனி காலடியில் அரிசி மாதிரி நொறுங்கியது.
மீசை உறைந்து, பாதி வார்த்தை அதிலேயே ஒட்டிக்கொள்ள,
சர்க்கரை பார்க்கும் கருவியை
மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருப்பதாகச் சொன்னார்.
வீட்டில் தெரியாது.
கருக்கலில் சூளையிலிருந்து வரும் முதல் ரொட்டியின் முனையைப்
பிய்த்துத் தின்னாத நாள் கிடையாதாம்.
"இப்ப மோந்துட்டு வச்சிடறேன்.
பையன் நான் ருசி பாக்கறேன்னு நினைக்கிறான்."
வீட்டில் சொல்லுங்கள் என்றேன்.
பதில் இல்லை.
தள்ளிவைத்த பனிமேட்டை மட்டும் ஒரு உதை உதைத்தார்.

படியேறும்போதுதான் உறைத்தது:
கல்யாணத் தேதியைப் பேசவே இல்லை.
"அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"
"ரொட்டியைப் பத்தி."
சகினே நம்பவில்லை.

நாக்கடியில் அந்த இடம் இன்னும் தேடுகிறது,
விழுந்த பல்லைத் தேடுவதுபோல.
ஆனால் ஐம்பத்துமூன்று வயதில்
தேயிலைக்கென்று ஒரு ருசி இருப்பது தெரிகிறது.
கொஞ்சம் புகை, கொஞ்சம் ஈரமரம்.
இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தால்தான் கேட்டிருப்பேனா.

மறுநாள் விடியுமுன் போன் அடித்தது.
பின்னால் சூளையின் இரைச்சல். வணக்கம்கூட இல்லை.
"எவ்வளவு?"
"நூற்றி முப்பத்தொன்று. உங்களுக்கு?"
கொஞ்ச நேரம் சூளை மட்டும் இரைந்தது.
"நூற்றி நாற்பத்தாறு" என்றார் சம்பந்தி.
"உன் பாதி என் பாதியைவிடச் சின்னது.
நான் பார்த்தேன்."